சேணம் யாருக்காக? மாயக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு குதிரைப் பாடம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் பிரதியைப் படித்தேன். எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவி எழுதியது. செஞ்சிக் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட ஒரு பெண், பொழுது சாயும் நேரத்தில் மதில் இறங்கித் தப்பிக்கிறாள். கீழே ஒரு வெள்ளைக் குதிரை அவளுக்காகவே காத்திருக்கிறது. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை. பிடரியைப் பற்றி ஏறுகிறாள். ஒரே பாய்ச்சல். விடியும்போது இதே தேவனாம்பட்டினத்து மணலில் வந்து இறங்குகிறாள். கடலுக்குள்ளிருந்து ஒரு யாளி வரப்போகிறது. அதைப் பார்க்கத்தான் இத்தனை ஓட்டமும்.

எழுத்து நன்றாக இருந்தது. குதிரையின் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஏம்மா, சேணம் போடலியா?"

"இல்லக்கா. அவளுக்கும் குதிரைக்கும் நடுவுல எதுவுமே இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன். சேணம் போட்டா அதை அடிமையாக்குற மாதிரி ஆயிடாதா?"

அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. அதனாலேயே அரைகுறையாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை. புதிதாக மாயக்கதை எழுதும் பலரிடம் இதே எண்ணத்தைப் பார்க்கிறேன்: வெறும் முதுகில் ஏறினால் பாசம், சேணம் பூட்டினால் அதிகாரம். குதிரையின் முதுகு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அவளுக்குச் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். எனக்கு விவரம் தெரிந்தபோது வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. வார்களும் சலங்கை மணிகளும் பரணில் கிடந்தன. ஆனால் அவர் பேச்சில் குதிரை கடைசி வரைக்கும் இருந்தது. காலையில் கொள்ளு வைப்பதற்கு முன்னால், லாடம் பார்ப்பதற்கு முன்னால், உள்ளங்கையை விரித்து முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் தடவுவாராம். எங்கேயாவது குதிரை தோலைச் சிலிர்த்தாலோ விலகினாலோ அன்றைக்கு வண்டி பூட்டுவதில்லை. ஜட்காவில் முதுகின்மேல் வரும் பாரம் கொஞ்சம்தான்; வண்டியின் முன்கட்டைகளைத் தாங்க ஒரு சின்னத் திண்டு வைத்து வாரால் கட்டியிருப்பார்கள். அதற்கே அத்தனை கவனம். "கால் நொண்டினா காத்திருக்கலாம். முதுகு புண்ணாயிட்டா வீட்டுல அடுப்பு எரியாது" என்பார்.

அந்தத் தடவலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதுகுக்குள் என்ன இருக்கிறது

பார்ப்பதற்குக் குதிரை முதுகு மெத்தை மாதிரி இருக்கும். கையை வைத்து அழுத்தினால்தான் எலும்பு தெரியும். கழுத்து முடியும் இடத்தில் மேடாக எழும்பி நிற்கிறதே, அது முதுகெலும்பின் நீண்ட முள்கள். இந்தக் கட்டுரைக்கு அதைத் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்னால் 18 சோடி விலா எலும்புகள். முதுகெலும்பின் இரு பக்கமும் நீளவாக்கில் தடித்த தசைகள் ஓடுகின்றன. விலா எலும்பு அடியில் தாங்கியிருக்கும் வரைக்கும் அந்தத் தசைகள் பாரம் சுமக்கும். அதையும் தாண்டி இடுப்புப் பக்கம் போனால் அடியில் தாங்கல் இல்லை. நடு முதுகெலும்பின் மேலோ நேராக எதுவும் அழுத்தவே கூடாது.

வெறும் முதுகில் ஒருத்தர் உட்காரும்போது எடையில் பெரும்பங்கு எங்கே இறங்குகிறது? மரப்பலகையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நமக்கே இரண்டு எலும்புகள் குத்துமே, அந்த இரண்டின் அடியில். அவையும் முதுகெலும்பை ஒட்டியே குத்துகின்றன. அழுத்தத்தை அளக்கும் விரிப்பைக் குதிரையின் முதுகில் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சேணத்தோடு உட்காரும்போது எடை அகலமாகப் பரவுகிறது. சேணம் இல்லாதபோது தொடும் பரப்பு சுருங்கி, அழுத்தம் அந்த இரண்டு புள்ளிகளில் ஏறிவிடுகிறது. தோலுக்கடியில் ரத்தம் ஓடும் நுண்குழாய்கள் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால் அங்கே சதை சாகத் தொடங்கும். புண் மேலே தெரிவதற்கு முன்னாலேயே உள்ளே கெட்டிருக்கும்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன்கூடை சுமந்து வரும் அம்மாக்களைப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டுதான் கூடையைத் தூக்குவார்கள். சும்மாடு கூடைக்காகவா? தலைக்காகத்தானே. சேணம் குதிரைக்குச் சும்மாடு. ஏறுகிறவருக்கு அதனால் சுகம் கிடைப்பது உண்மை, ஆனால் வேலையின் பெரும்பகுதி கீழ்நோக்கியே நடக்கிறது. நல்ல சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கும். பழைய காலத்தில் மரத்தால் செய்தது. சட்டத்தின் இரண்டு பக்கப் பலகைகளும் இரண்டு பக்கத் தசைகளின்மேல் படியும். நடுவில் முதுகெலும்பு நெடுக ஒரு இடைவெளி. சேணம் பூட்டிய குதிரையைப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் அந்த இடைவெளி வழியாக முன்பக்க வெளிச்சம் தெரிய வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் உடனே எல்லாக் குதிரைக்கும் சேணம் மாட்டிவிடுகிறார்கள். பொருந்தாத சேணம் வெறும் முதுகைவிடக் கொடியது. ஒரு குதிரைக்குச் செய்த சேணம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்லவே முடியாது; ஒன்றின் தோள்மேடு கத்தி மாதிரி எழும்பியிருக்கும், இன்னொன்று பீப்பாய் மாதிரி உருண்டிருக்கும். எதிரியின் குதிரையைத் திருடி, தன் பழைய குதிரையின் சேணத்தை அதன்மேல் போட்டு நாலு நாள் ஓட்டும் கதாநாயகன் அந்தக் குதிரையை நாசமாக்கிவிடுவான். எழுத்தாளருக்கு இதில் ஒரு புதையல் இருக்கிறது. சேணம் நெடுநாள் அழுத்திய இடத்தில் பிறகு முளைக்கும் முடி வெள்ளையாக வரும். கரிய குதிரையின் தோள்மேட்டில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு இருந்தால், "இது எப்போதோ கெட்ட கையில் இருந்த குதிரை" என்று விவரம் தெரிந்தவர் பார்த்ததும் சொல்லிவிடுவார். சேணத்தை இறக்கியவுடன் முதுகைப் பார்ப்பது இன்னொரு வழி. எங்கும் வியர்த்து நனைந்திருக்க, ஒரு கையளவு இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம், வியர்வைகூட ஊறவில்லை என்று பொருள். உங்கள் கதையில் துப்புத் துலக்கும் ஆள் யாராவது இருந்தால் இந்த இரண்டும் போதும்.

மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்

சேணம் வேறு, அங்கவடி வேறு, கடிவாளம் வேறு. உட்காரும் இருக்கை சேணம். அதன் இரு பக்கமும் தொங்கும், கால் வைக்கும் வளையம் அங்கவடி. வாயில் போட்டு வாரால் திருப்புவது கடிவாளம். நம் பேச்சுவழக்கில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துவிட்டது. பக்கவாட்டில் பார்க்காதிருக்க வண்டிக்குதிரையின் கண்ணோரம் கட்டும் மறைப்பையும் சேணம் என்றே பலர் சொல்கிறோம். "சேணம் கட்டின குதிரை மாதிரி நேரா போறான்" என்பது அதிலிருந்து வந்தது. கதையில் எழுதும்போது எதைச் சொல்கிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் ஒரே நாளில் பிறக்கவில்லை. கடிவாளம்தான் மூத்தது. அலெக்சாந்தரின் குதிரைப்படைக்குக் கடிவாளம் இருந்தது. முதுகில் ஒரு துணிவிரிப்பு போட்டு இறுக்கியிருந்தார்கள், சட்டம் வைத்த சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. தெற்குச் சைபீரியாவின் அல்த்தாய் மலையில் பனியில் உறைந்த பசிரிக் கல்லறைகளில் முடி திணித்த மெத்தைச் சேணங்கள் கிடைத்தன. அவையும் பொது ஆண்டுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. ரோமானியர் நான்கு மூலையிலும் கொம்பு மாதிரி மேடு வைத்த சேணம் செய்தார்கள். அந்த நாலு கொம்பும் தொடையையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும், அங்கவடி இல்லாமலே வீரன் அசையாமல் உட்காரலாம். ரோமை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுடைய படையில் போரிட்ட வட ஆப்பிரிக்க நுமிதியர்கள் இன்னொரு கோடி. சேணமும் கிடையாது, கடிவாளமும் கிடையாது. குதிரையின் கழுத்தில் ஒரு கயிறு, கையில் ஒரு குச்சி. பாய்ந்து வந்து ஈட்டி எறிந்துவிட்டு, எதிரி திரும்புவதற்குள் விலகிப் போய்விடுவார்கள். பொ.ஆ.மு. (கி.மு.) 202இல் சாமா போரில் அவர்களில் பெரும் கூட்டம் ரோமின் பக்கம் நின்றதும் ஹன்னிபால் தோற்றதற்கு ஒரு காரணம்.

அங்கவடியின் கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. பொது ஆண்டுக்கு முந்தைய சாஞ்சிச் சிற்பங்களில் குதிரைவீரன் கால் வைக்க ஒரு பிடிப்பு தெரிகிறது. பழைய இந்தியாவில் காலின் கட்டைவிரலை மட்டும் நுழைக்கும் சின்ன வளையம் இருந்தது. செருப்பில்லாமல் நடக்கும் வெயில் நாட்டுக்கு ஏற்ற உத்தி. சீனாவில் சாங்ஷா நகரத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த, 302ஆம் ஆண்டைச் சேர்ந்த மண்குதிரை பொம்மைகளில் அங்கவடி இடது பக்கம் மட்டும் இருக்கிறது. ஏறுவதற்கு மட்டும் பயன்பட்டது போலும். சோடியாக இரண்டு அங்கவடிகள் 415இல் இறந்த ஒரு பிரபுவின் கல்லறையில் கிடைத்தன. ஐரோப்பாவுக்கு அதைக் கொண்டுபோனவர்கள் அவார் என்ற புல்வெளி மக்கள். 6, 7ஆம் நூற்றாண்டுகளில்.

ஆகவே உங்கள் மாய உலகத்தில் எது உண்டு, எது இல்லை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெண்கல வாள் வைத்திருக்கும் உலகத்தில் இரும்பு அங்கவடி தொங்கினால் உறுத்தும். கட்டைவிரல் வளையத்தோடு வெறுங்காலில் வரும் ஒரு வீரனை நம் மொழியில் யாராவது எழுதினால் ஆசையோடு படிப்பேன்.

வெறும் முதுகு எதையெல்லாம் மாற்றுகிறது

முதலில் ஏறுவது. தோள்மேட்டில் ஐந்தடி உயரம் உள்ள குதிரைமேல் அங்கவடி இல்லாமல் தரையிலிருந்து ஏறுவது எளிதல்ல. கிரேக்கர்கள் ஈட்டியை ஊன்றித் தாவினார்கள். மற்றவர்களுக்கு யாராவது முழங்காலைத் தாங்கித் தூக்கிவிட வேண்டும், அல்லது ஒரு கல், ஒரு திண்ணை, கிணற்றுச் சுவர் வேண்டும். காயம்பட்ட கதாநாயகி துரத்தலுக்கு நடுவில் குதிரையை ஓட்டிப்போய் ஒரு வீட்டுத் திண்ணையோரம் நிறுத்தித் தவழ்ந்து ஏறுகிறாள் என்றால் அது ஒரு காட்சி. "தாவி ஏறினாள்" என்று எழுதுவதில் அது இல்லை.

அடுத்தது நடை. நம் பழைய நிகண்டுகள் குதிரையின் கதிகளுக்கு மல்லகதி, மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் வைத்தன. கதைக்கு நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். சாதாரண நடை மணிக்கு ஆறேழு கிலோமீட்டர், முதுகு தொட்டில் மாதிரி ஆடும். அதற்கு மேல் துள்ளுநடை. எதிரெதிர் மூலையில் உள்ள கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து விழும், முதுகு தூக்கித் தூக்கிப் போடும். நெடுந்தூரத்துக்குக் குதிரைக்கு மிகவும் உகந்தது இந்தத் துள்ளுநடைதான். வெறும் முதுகில் உட்கார்ந்தவருக்கு மிகவும் வேதனையானதும் அதுதான். அங்கவடி இருந்தால் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்காரலாம். இல்லையென்றால் ஒவ்வொரு துள்ளலும் ஏறியவரின் தண்டுவடத்திலும் குதிரையின் முதுகிலும் விழும். அதற்கும் மேலே மூன்று தாளத்தில் ஊஞ்சல் போல வரும் மிதவோட்டம். வெறும் முதுகுக்கு இது துள்ளுநடையைவிட எவ்வளவோ இதம். கடைசியில் பாய்ச்சல், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும், சில நிமிஷங்களில் குதிரையை வற்றடித்துவிடும். சேணமில்லாமல் தப்பி ஓடுகிறவர்கள் நடையும் மிதவோட்டமுமாக மாற்றி மாற்றிப் போவார்கள். இதை ஒரு வரியில் எழுதினாலே குதிரை தெரிந்தவர்கள் உங்களை நம்பிவிடுவார்கள்.

வியர்வையை மறந்துவிடாதீர்கள். குதிரையின் வியர்வை சோப்பு மாதிரி நுரைக்கும். அரை மணி நேர மிதவோட்டத்தில் தொடைக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவில் வழவழப்பாகிவிடும். பிடிப்பு போகும். உப்பும் முடியும் சேர்ந்து தொடையின் உள்பக்கத்தை உரசி உரித்துவிடும். நம் மாயக்கதைகளில் வேட்டி கட்டியவர்களே குதிரை ஏறுகிறார்கள். தார்ப்பாய்ச்சிக் கட்டினால்தான் ஏறவே முடியும். அப்படிக் கட்டினாலும் மெல்லிய துணி அந்த உரசலுக்கு எதிரே எத்தனை நாழிகை தாங்கும்? மறுநாள் அவன் நடப்பதைப் பார்த்தே ஒற்றன் கண்டுபிடித்துவிடலாம்.

சண்டைக்கு வருவோம். அங்கவடி இல்லாமல் குதிரைமேல் போரிட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பொ.ஆ.மு. 53இல் கார்ரே போரில் பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்கள் அங்கவடி இல்லாமலே ஓடும் குதிரையில் பின்பக்கம் திரும்பி அம்பெய்து ஒரு ரோமானியப் படையையே அழித்தார்கள். எடுத்து எறியும் ஈட்டிக்கும் வில்லுக்கும் சமநிலை போதும். கனத்த ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு முட்டுவதுதான் வேறு கணக்கு. மோதும் விசை ஏறியவரைக் குதிரையின் பின்பக்கமாகத் தள்ளும். அதைத் தடுத்து நிறுத்துவது சேணத்தின் உயர்ந்த பின்மேடு. வெறும் முதுகில் இருப்பவர் அப்படி முட்டினால் அவர்தான் முதலில் தரையில் கிடப்பார். எழுந்து நின்று மேலிருந்து வெட்டுவதற்கு அங்கவடி வேண்டும். விழுந்தால்? கால் அங்கவடியில் சிக்கிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். வெறும் முதுகிலிருந்து விழுகிறவருக்கு அந்தப் பயம் இல்லை.

தூக்கமும் மயக்கமும் சேணத்தில்தான் சாத்தியம். அம்பு பட்டு நினைவிழந்தவனைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவரலாம். வெறும் முதுகில் கண் சொக்கினால் விழ வேண்டியதுதான். உணவு மூட்டை, தண்ணீர்த் துருத்தி, போர்வை எல்லாம் சேணத்தில் தொங்குபவை. சேணமில்லாதவள் இவற்றைத் தன் தோளில் சுமக்க வேண்டும், அந்த எடையும் அதே இரண்டு எலும்பின் வழியே கீழே போகும். ஏறுகிறவர், சேணம், மூட்டை எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பலர் கடைப்பிடிக்கும் அளவு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. மட்டக்குதிரை 250 கிலோ என்றால் 50 கிலோதான். கவசம் போட்ட மாவீரனை மட்டக்குதிரைமேல் ஏற்றுவதற்கு முன்னால் இதைக் கூட்டிப் பாருங்கள்.

வெறும் முதுகே சிறந்தது என்ற இடங்களும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். ஆறு கடப்பது அதில் ஒன்று. பெண்ணையாற்றில் வெள்ளம் வரும்போது நீந்தும் குதிரைமேல் நனைந்த தோல்சேணம் வீண் பாரம். ஆழம் வந்ததும் முதுகிலிருந்து பக்கவாட்டில் வழுக்கி இறங்கி, பிடரியைப் பிடித்துக்கொண்டு கூடவே மிதந்து போவார்கள். குதிரை கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கும் வெறும் முதுகு நல்ல வாத்தியார். குதிரை திரும்பப் போகிறது என்பது அதன் தசை அசைவதில் முன்கூட்டியே தெரிந்துவிடும், சமநிலை உடம்பில் ஊறும். லாயத்திலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போகும் பையன் சேணம் தேடமாட்டான். தீப்பிடித்த லாயத்திலிருந்து ஓட நேர்ந்தால் யாருமே தேடமாட்டார்கள். குறைந்த தூரம், குறைந்த எடை, வேறு வழி இல்லாத அவசரம்: இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தாராளமாக வெறும் முதுகில் ஏற்றுங்கள். சேணம் பூட்ட நேரமிருந்த காட்சியிலும் ஒரு ஆபத்தை வைக்கலாம். வயிற்றுவாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்சதூரம் நடத்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். மறந்தவன் ஏறும்போது சேணம் அவனோடு சேர்ந்து குதிரையின் வயிற்றுப் பக்கம் சுழன்றுவிடும்.

நம் மண்ணில் குதிரை

தமிழ்நாட்டில் குதிரை எளிதில் கிடைத்த விலங்கு இல்லை. நம் ஈரமும் வெயிலும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பட்டினப்பாலை பாடும் புரவிகளே கடல்வழி வந்து இறங்கியவைதான். 13ஆம் நூற்றாண்டின் முடிவில் வந்த மார்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2000க்கு மேல் குதிரை வாங்கியும் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததே காரணம் என்று எழுதிவைத்தார். அவ்வளவு விலையுள்ள உயிரை வாங்கியவன் அதன் முதுகை எப்படி நடத்தினான் என்பதிலேயே அவன் யார் என்று தெரிந்துவிடும். ஏழைக் கதாநாயகனிடம் குதிரை இருந்தால் அது எப்படி வந்தது என்று வாசகர் கேட்பார். அவனிடம் சேணமும் இருந்தால் இன்னும் கேட்பார்.

நெடுநல்வாடையில் எனக்கு மறக்காத ஓர் இடம் உண்டு. பாசறையில் நள்ளிரவு, வாடைக்காற்று, மழை. அரசன் தூங்காமல் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். அங்கே "பருமம் களையாப் பாய்பரிக் கலிமா" தெருச் சேற்றில் நின்று உடம்பில் விழும் துளிகளைச் சிலிர்த்து உதறுகிறது. பருமம் என்பது சேணம். இரவிலும் அதை இறக்கவில்லை. என் தாத்தாவுக்கு யாராவது அந்த வரியைச் சொல்லியிருந்தால் துடித்துப்போயிருப்பார். போர் எப்போது வேண்டுமானாலும் தொடங்கும் என்பதை அந்த இறக்காத சேணமே சொல்லிவிடுகிறது. சேணத்தை வைத்துக் கதை சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு மாயக்குதிரைகளுக்கும் குறைவில்லை. மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளான கதையில், விற்றவரும் வாங்கியவரும் கயிறு மாற்றிக்கொண்ட பிறகே குதிரை கைமாறுகிறது. அத்தனை பெரிய அதிசயத்துக்கு நடுவில் ஒரு சந்தை வழக்கம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் அன்று ராத்திரி லாயத்தில் நரி ஊளை கேட்கும்போது நமக்குத் திக்கென்கிறது. தேசிங்குராஜன் கதைப்பாடலில் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை அவன் அடக்குகிறான். வரலாற்றில் அந்தச் செஞ்சி அரசன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். நம் ஊர்ப்பக்க அய்யனார் கோயில்களில் நிற்கும் மண்குதிரைகளைப் பாருங்கள்: காவல் தெய்வத்தின் குதிரைக்கும் குயவர் சேணம், வார், கழுத்துமணி எல்லாம் வடித்திருப்பார். அய்யனார் அந்தக் குதிரையை அடிமைப்படுத்திவிட்டார் என்று நம்மில் யாரும் நினைத்ததில்லை.

யாளிக்குச் சேணம் பூட்டலாமா

இந்தக் கேள்வியை அந்த மாணவி கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சேணம் குதிரைக்கு ஒத்துப்போவதற்கு ஒரு காரணம், ஓடும்போதுகூடக் குதிரையின் நடுமுதுகு பெரிதாக வளையாது. பாலம் மாதிரி நீட்டிக்கொண்டே போகும். சிங்கம், புலி, சிறுத்தை அப்படி இல்லை. ஒவ்வொரு பாய்ச்சலிலும் முதுகு வில்லாக வளைந்து நிமிரும், அந்த வளைவே அவற்றின் வேகம். சிங்க உடம்புள்ள யாளியின்மேல் சட்டம் வைத்த சேணத்தைப் பூட்டினால் ஒன்று சட்டம் முறியும், இல்லை முதுகு புண்ணாகும். வளையும் மெத்தை, தோளோடு சேர்த்துக் கட்டிய பட்டை, பிடித்துக்கொள்ளப் பிடரி: இப்படி ஏதாவது யோசிக்க வேண்டும். யாளியின் வெறும் முதுகில் ஏறுவது அதனால் நம்பும்படியாகவே இருக்கும். பாய்ச்சலில் தூக்கி எறியப்படாமல் இருக்க ஏறியவள் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால்.

பறக்கும் குதிரை இன்னும் சிக்கல். சிறகு முளைக்கும் இடம் தோள். மனிதத் தொடை பதியும் இடமும் கிட்டத்தட்ட அதுவேதான். சிறகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் விலா இல்லாத இடுப்பில் பாரம் விழும். முன்னால் உட்கார்ந்தால் கழுத்தின் அடியில். மேலும், குதிரை கீழ்நோக்கிச் சரியும்போது பிட்டத்துக்கும் முதுகுக்கும் நடுவில் காற்றுதான் இருக்கும். கட்டிக்கொள்ள வார் இல்லாமல் வானத்தில் வெறும் முதுகுச் சவாரி என்றால், மந்திரம் எங்கே பிடித்துக்கொள்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

அவள் கதைக்குத் திரும்பினோம். செஞ்சியிலிருந்து தேவனாம்பட்டினம் எண்பது கிலோமீட்டருக்கு மேல். பழக்கிய குதிரைகள் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் போகும் பந்தயங்கள் இன்று நடக்கின்றன. வழியில் பலமுறை நிறுத்தி மருத்துவர் இதயத்துடிப்பையும் முதுகையும் கால்களையும் பார்த்த பிறகே மேலே விடுவார்கள், ஓட்டமும் பெரும்பாலும் துள்ளுநடைதான். ஒரே பாய்ச்சலில் இரவு முழுக்க என்றால் விழுப்புரம் வருவதற்குள் குதிரை விழுந்துவிடும். "அப்ப எப்படிக்கா எழுதறது?" என்றாள். கோட்டைக்கு வெளியே முதல் இரண்டு மைல் வெறும் முதுகில் போகட்டும், அது தப்பித்தல். ஏதாவது ஒரு ஊரில் ஒரு சேணம் கிடைக்கட்டும், அதற்கு அவள் எதையாவது விலையாகக் கொடுக்கட்டும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய பக்கங்களைக் கொண்டுவந்தாள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்து ஒரு வயசான பண்டாரத்திடம் பழைய சேணம் வாங்குகிறாள். இரண்டாம் நாள் பொழுது இறங்கப் பெண்ணையாற்றங்கரையில் அதை இறக்கி வைக்கிறாள். முதுகு முழுக்க ஈரம், தோள்மேட்டுக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு கையகலம் காய்ந்து கிடக்கிறது. விரலை வைத்ததும் குதிரை தோலைச் சிலிர்க்கிறது. சேணத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து மீதி வழியை நடக்கிறாள். தேவனாம்பட்டினம் வரும்போது வெயில் ஏறிவிட்டது. மணலில் யாளி வந்துபோன தடம் கடல் வரைக்கும் நீண்டிருக்கிறது, அலை அதைப் பாதி அழித்துவிட்டது. நான்காம் அத்தியாயத்தை அங்கிருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.